கண்ட்ரோலரின் பின்பக்கத்தைப் பாருங்கள்: டிஜே செட் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் என் தங்கை மகன் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடையிலிருந்து படம் அனுப்பியிருந்தான். "மாமா, பழைய செட்டை விற்றுவிட்டு இதை வாங்கட்டுமா?" லேப்டாப்பில் உள்ள பாட்டுகளைக் கையால் கலக்கும் டிஜே கண்ட்ரோலர் அது. நான்கு சேனல் (ஒரே நேரத்தில் நான்கு பாட்டைக் கலக்கலாம்), பெரிய ஜாக் வீல் (பாட்டை முன்னும் பின்னும் தள்ளச் சுழற்றும் தட்டு), கலர் கலராக மின்னும் பட்டன்கள். படத்தில் மேல்பக்கம் மட்டும்தான் இருந்தது. "திருப்பி வைத்து, பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

டர்பன் பக்கம் கல்யாணம், நிச்சயதார்த்தம், 21வது பிறந்தநாள் என்று வார இறுதியில் வாசிக்கப் போகும் நம் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு இதுதான். பட்டனைப் பார்த்து வாங்குகிறார்கள், எந்தக் கேபிள் எங்கே போய்ச் சேரும் என்று பார்ப்பதில்லை. பயனியரின் டிடிஜே-400, அதற்கு அடுத்து வந்த எஃப்எல்எக்ஸ்4 இரண்டுமே ஆரம்பிப்பவர்களுக்கு அருமையானவை. ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் மாஸ்டர் அவுட்டில் ஆர்சிஏ (வீட்டு ஸ்டீரியோவில் இருக்கும் சிவப்பு-வெள்ளை செருகி) மட்டும்தான். படுக்கையறையில் இரண்டு ஸ்பீக்கருக்கு அது தாராளம். ஹாலில் மிக்சர் 15 மீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு தூரம் ஆர்சிஏ கேபிளை இழுத்தால் வழியில் உள்ள இரைச்சலையெல்லாம் சேர்த்துக்கொண்டு போகும். எக்ஸ்எல்ஆர் கேபிளில் (மைக்கில் செருகும் மூன்று முள் கேபிள்) ஒரே சிக்னல் இரண்டு கம்பிகளில் போகிறது, ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரண்டிலும் ஒரேபோல் ஏறிய இரைச்சல் அடிபட்டுப் போகும்.

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பெண்ணை மேடைக்கு அழைத்து வரும் நேரம். பாட்டை இறக்கியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். கேபிளை மாற்றினேன், நிற்கவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், சட்டென்று நின்றது. லேப்டாப் மேடையில் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் ஹாலின் அந்தக் கோடியில் வேறு பிளக்கில். இரண்டு எர்த்தும் ஆர்சிஏ கேபிள் வழியாக ஒரு வளையமாகி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் பாட்டுக்குள் வந்துவிட்டது. சிலர் இதற்கு எர்த் பின்னை வெட்டிவிடுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், உயிரோடு விளையாடும் காரியம். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (ஆர்சிஏ சிக்னலை எக்ஸ்எல்ஆருக்கு மாற்றித் தரும் சின்னப் பெட்டி) ஒன்றைக் கண்ட்ரோலர் பக்கத்திலேயே வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆர் இழுத்தால் போதும். இதற்காகப் புது கண்ட்ரோலர் தேவையில்லை.

அடுத்தது பாட்டு. உலகத்தில் எங்கோ இருப்பவர் ஹவுஸ் மியூசிக் வைத்துச் செய்த ரிவ்யூவைப் பார்த்து நாம் வாங்குகிறோம். நம் ஹாலில் என்ன ஓடுகிறது? பாட்டிமார்களுக்கு எம்ஜிஆர் காலத்துப் பாட்டு, அப்பா அம்மாவுக்கு 80-களின் இளையராஜா, அப்புறம் இரண்டு குத்து, பிள்ளைகளுக்குத் தென்னாப்பிரிக்க நடன இசையான அமபியானோவும் நம் டர்பனிலேயே பிறந்த க்கோமும். கடைசி இரண்டும் கணினியில் செய்த தாளம், இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாக இணைக்கும் சிங்க் பட்டனை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பழைய பாட்டுகள் அப்படியல்ல. கூடிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றாக உட்கார்ந்து வாசித்து ரெக்கார்ட் செய்தவை. பல்லவியில் இருந்த வேகம் இரண்டாவது சரணத்தில் ஒரு நூல் கூடியிருக்கும். அந்த மூச்சுதான் அந்தப் பாட்டுக்கு அழகு. ஆனால் முழுப் பாட்டுக்கும் ஒரே பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) என்று எடுத்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் அங்கே தடுமாறும். ஆறு எண்ணிக்கையில் துள்ளும் டப்பாங்குத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால் 100 வேகத்தில் ஆடும், திரையோ 150 என்று காட்டும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல், "சிங்க் சரியாக வேலை செய்யவில்லை, இன்னும் விலை கூடியது வாங்கினால் சரியாகிவிடும்" என்று நினைப்பது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. 30,000 ரேண்ட் கொடுத்தாலும் அந்தப் பாட்டு அப்படித்தான் இருக்கும். டிஜே சாஃப்ட்வேரான ரெக்கார்ட்பாக்ஸில் பாட்டை அனலைஸ் செய்யும்போது டைனமிக் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு சாஃப்ட்வேரான செராட்டோவில் பீட்கிரிட்டுக்கு (தாளத் தட்டுகள் எங்கே விழுகின்றன என்று காட்டும் கோடுகள்) பல இடங்களில் கையால் குறி வைக்கலாம். அதற்கும் மேலே காதால் கேட்டு, ஜாக் வீலைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்யும் பழக்கம் வேண்டும். பணம் செலவழிப்பதானால் இங்கே செலவழியுங்கள்: நீளமான டெம்போ ஃபேடர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை), கைக்கு அடங்கும் பெரிய ஜாக் வீல். பழைய பாட்டு வாசிப்பவனுக்கு நான்கு சேனலைவிட இவைதான் பெரிது. நான் கல்யாணங்களில் மூன்றாவது சேனலைத் தொட்டதே விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

கரண்ட் விஷயத்தையும் யாரும் யோசிப்பதில்லை. 2022, 2023-ல் லோட் ஷெடிங் (முறை வைத்து நிறுத்தும் மின்வெட்டு) படுத்திய பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். எஃப்எல்எக்ஸ்4 போன்றவை யுஎஸ்பி வழியாக லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுக்கின்றன. ஹால் இருண்டாலும் லேப்டாப் பேட்டரியில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், ஜெனரேட்டர் வந்து ஸ்பீக்கர் எழுந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். டிடிஜே-1000 மாதிரி பெரியவற்றுக்குத் தனி அடாப்டர். கரண்ட் கண் சிமிட்டினால் போதும், கண்ட்ரோலர் அணைந்து, லேப்டாப்போடு தொடர்பு அறுந்து, மறுபடி முதலிலிருந்து. பெரியதற்கு மாறுகிறவர்கள் அதே பட்ஜெட்டில் ஒரு சின்ன யுபிஎஸ்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சாஃப்ட்வேரை மறந்து கண்ட்ரோலரை மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. செராட்டோ நீங்கள் வைத்த க்யூ குறிகளை (பாட்டில் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்ற அடையாளம்) அந்தப் பாட்டு ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கும். ரெக்கார்ட்பாக்ஸ் தன்னுடைய டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனால் ஐந்து வருட உழைப்பு தானாகக் கூட வராது. மாற்றித் தரும் புரோகிராம்கள் உண்டு, ஆனால் பழைய கண்ட்ரோலரை விற்பதற்கு முன் அதைச் செய்து, பத்துப் பாட்டையாவது போட்டுப் பாருங்கள். இலவசமாக வரும் செராட்டோ லைட்டுக்கும் காசு கொடுத்து வாங்கும் ப்ரோவுக்கும் என்ன வித்தியாசம் என்பதையும் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். லைட்டில் வாசித்ததை ரெக்கார்ட் செய்ய முடியாது.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன கண்ட்ரோலர்களில் மைக்குக்கு வால்யூம் மட்டும்தான், பாஸ், ட்ரெபிள் கிடையாது. மாமாக்கள் வாழ்த்திப் பேசும் மைக்கை ஹால் மிக்சரிலேயே தனியாகச் செருகிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பே இல்லை, லேப்டாப்பையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு போங்கள். யுஎஸ்பி கேபிளைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள், தொடர்பு அறுந்தால் வேண்டாம். வால்யூம் ஃபேடரை முழுக்க இறக்கிய பிறகும் பாட்டு மெல்லக் கசிந்தால் அது தேய்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் அடாப்டரின் அடியில் 230 வோல்ட் தாங்கும் என்று அச்சிட்டிருக்கிறதா என்று படியுங்கள்.

தங்கை மகன் பின்பக்கப் படத்தை அனுப்பினான். எக்ஸ்எல்ஆர் இருந்தது, குறை சொல்ல முடியாத நல்ல கண்ட்ரோலர்தான். "அடுத்த மூன்று மாதத்தில் எத்தனை ஹால் புக் ஆகியிருக்கிறது?" என்று கேட்டேன். இரண்டு என்றான். ஒரு டிஐ பாக்ஸும் நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிள் இரண்டும் வாங்கிக்கொண்டு, தன் எஃப்எல்எக்ஸ்4-ஐயே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். சனிக்கிழமை முதல் ஹால், நானும் போய்ப் பின்வரிசையில் நின்று கேட்கப் போகிறேன்.