தீபாவளிக்கு கேஎல்லேர்ந்து பினாங்கு வீட்டுக்குப் போறீங்களா, இந்தத் தப்ப மட்டும் பண்ணாதீங்க

நான் பதினோரு வருஷமா மலேசியாவுல கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல வேல செய்றேன், அம்மா அப்பா பினாங்குத் தீவுல ஆயர் ஈத்தாம்ல பிளாட்ல இருக்காங்க. இத்தன வருஷத்துல போக வர நான் பண்ண தப்பு, கூட வேல செய்ற பசங்க பண்ற தப்பு எல்லாத்தையும் பாத்துட்டேன், அதனாலதான் தீபாவளிக்கு முன்னாலயே இத எழுதிடணும்னு உக்காந்தேன்.

மொதல்ல லீவு. எல்லாரும் தீபாவளி அன்னிக்கு வீட்டுல இருந்தா போதும்னு கணக்குப் போடுறாங்க. பப்ளிக் ஹாலிடே ஒரே ஒரு நாள்தான், அதனால முந்துன நாள் மத்தியானம் வரைக்கும் வேல பாத்துட்டு அப்படியே கார எடுத்துடலாம்னு நெனைக்கிறது. இதுதான் எனக்குத் தெரிஞ்சு பெரிய தப்பு. ஏன்னா நம்ம வீடுகள்ல தீபாவளி தொடங்குறதே முந்துன நாள் ராத்திரி படையல்லதான். செத்துப் போன தாத்தா பாட்டிக்கு இல போட்டு, அவங்களுக்குப் புடிச்சதெல்லாம் வச்சு, புதுத்துணி வச்சுக் கும்புட்டு, அதுக்கப்புறம்தான் வீட்டுல மத்தவங்க சாப்புடுவாங்க. அந்த நேரத்துல நீங்க ஹைவேல நின்னுக்கிட்டு இருந்தா மறுநாள் காலைல வந்து எண்ண தேச்சுக் குளிச்சாலும் அது பாதி தீபாவளிதான்.

எனக்கு இது நடந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கெளம்பிட்டு அம்மாகிட்ட ஏழு மணிக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டேன், தாப்பாக்கு முன்னாலயே ரோட்டு ஜேம், ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கத்துக்கிட்ட மறுபடியும் ஜேம், அம்மா போன் அடிக்கிறப்பல்லாம் இதோ ஜூரு டோல் வந்துட்டேன் இதோ தீவுக்குப் போற பாலம் வந்துட்டேன்னு பொய் சொல்லிக்கிட்டே வந்தேன். வீட்டுக்குள்ள போறப்ப மணி பதினொன்னேகால். தாத்தா போட்டோவுக்கு முன்னால போட்ட வாழ இல ஓரமெல்லாம் சுருண்டு போச்சு, கோழிப் பெரட்டல் மேல எண்ண ஒறஞ்சு நிக்குது, பக்கத்துல தாத்தாவுக்குன்னு வச்ச ஸ்டவுட் பீர் போத்தல் இன்னும் தொறக்கல. அப்பா சக்கர நோயாளி, அவரும் சாப்புடாம சோபாவுல உக்காந்திருக்காரு. அம்மா திட்டல, "வந்துட்டியாய்யா, கை கால் கழுவிட்டு வா, சூடம் ஏத்தணும்"னு மட்டும் சொன்னாங்க. அந்த வருஷத்துலேர்ந்து நான் ரெண்டு நாள் முன்னாலயே கெளம்பிடுறேன், லீவு பத்தலன்னா தீபாவளிக்கு அப்புறம் இருக்கிற நாள வெட்டிடுறேன், முன்னால இருக்கிற நாள வெட்டுறதே இல்ல.

அதோட சேந்ததுதான் நேரத்தப் பத்திப் பொய் சொல்றது. ஏழு மணின்னு சொன்னா அம்மா ஆறு மணிக்கே வடைக்கு மாவு அரைச்சு வச்சுட்டு பிளாட் காரிடார்ல வந்து நிக்க ஆரம்பிச்சிடுவாங்க. லேட்டாகும்னா லேட்டாகும்னு சொல்லிடுங்க, நீங்க சாப்புடுங்க, அப்பாவுக்கு மருந்து குடுங்க, படையல ஆரம்பிச்சிடுங்கன்னு தெளிவா சொல்லிடுங்க. நீங்க சொல்லாம அவங்களா ஆரம்பிக்க மாட்டாங்க.

இனி ரோட்டப் பத்தி. கேஎல்லேர்ந்து பினாங்குக்கு ஏறக்கொறைய 350 கிலோமீட்டர், சாதாரண நாள்ல நாலு நாலர மணி நேரத்துல வந்துடலாம், பண்டிகைக்கு முந்துன நாள்ல எட்டு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்ல. விடிய நாலு மணிக்குக் கெளம்புங்க, ஆனா முந்துன நாள் நல்லா தூங்கிட்டு. ராத்திரி வேல முடிஞ்ச கையோட கண்ணு எரிய எரிய ஓட்டிக்கிட்டு வர்றது வேண்டவே வேண்டாம். டோல் கட்டுற டச் அண்ட் கோ கார்டுல காசு இருக்கான்னு வீட்டுலயே பாத்துடுங்க. பாலம் எதுன்னு யோசிக்காம எல்லாரும் பழைய பாலத்துக்கே போயி ஜூருல மாட்டுறாங்க. 1985ல தொறந்த மொதப் பாலம் பெறையிலேர்ந்து கெலுகோருக்கு வரும், ஜார்ஜ்டவுன், ஆயர் ஈத்தாம் பக்கம் வீடுன்னா அதுதான் கிட்ட. ஆனா பாயான் லெப்பாஸ், பாலேக் பூலாவ் பக்கம் வீடுன்னா 2014ல தொறந்த ரெண்டாவது பாலத்துக்கு பத்து காவான்லயே திரும்பிடுங்க, ஜூரு டோலுக்குப் போகவே வேண்டியதில்ல. அது 24 கிலோமீட்டர், கடலுக்கு மேல காத்து பலமா இருக்கும், மோட்டார்ல வர்றவங்க முறுக்காதீங்க. அக்டோபர் நவம்பர்ல இங்க மழையும் கொட்டும், 2017 நவம்பர்ல வெள்ளம் வந்து தீவே தத்தளிச்சது ஞாபகம் இருக்கும்ல, அதனால சாயங்கால மழைதானேன்னு வண்டிய பள்ளத்துல நிறுத்தாதீங்க.

கார் இல்லாம வர்றவங்க பண்ற தப்பு வேற. பஸ் டிக்கெட்ல பினாங்கு சென்ட்ரல்னு போட்டிருந்தா அது தீவுல இல்ல, பட்டர்வர்த்ல இருக்கு. தீவுக்குள்ள எறங்கணும்னா சுங்கை நீபோங் பாத்து எடுங்க. மொதத் தடவ மாப்பிள்ளையையோ மருமகளையோ தனியா அனுப்புறப்ப இத சொல்லி அனுப்பாம விட்டுட்டு, நடுராத்திரி அந்தக் கரைக்கு ஆள் அனுப்பித் தேடுன வீடுங்க இருக்கு. இடிஎஸ்ங்கிற மின்சார ரயிலும் பட்டர்வர்த் வரைக்கும்தான், ஆனா ஸ்டேஷன் பக்கத்துலயே பெர்ரி. பெர்ரில இப்ப கார் ஏத்த முடியாது, ஆளும் மோட்டாரும் சைக்கிளும் மட்டும்தான், பழைய ஞாபகத்துல கார ஓட்டிக்கிட்டுப் போயி திரும்பி வராதீங்க. என்னைக் கேட்டா ரயிலும் பெர்ரியும்தான் நல்லது. கடல் காத்துல நின்னு தஞ்சோங், அதான் ஜார்ஜ்டவுன், கிட்ட வர்றதப் பாத்தாலே வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிடும், ஜெட்டிலயே ரேபிட் பஸ் இருக்கு.

வந்ததுக்கு அப்புறம் பண்றதுதான் இன்னும் கஷ்டமான தப்பு. நாலு நாள் லீவுல மொத நாள் கூட்டாளிங்களோட கடையில நாசி கண்டார் சோறு, ரெண்டாவது நாள் பத்து பெரிங்கி கடற்கரை, மூணாவது நாள் குயின்ஸ்பேல ஷாப்பிங், வீட்டுக்குத் தூங்க மட்டும் வர்றது. நாசி கண்டார் ஓடிப் போகாது. அம்மா ஒரு வாரமா முட்டி வலியோட நின்னு அச்சு முறுக்கு சுட்டு வச்சிருக்காங்க, கூட உக்காந்து ஒரு தாச்சியாவது சுட்டுக் குடுங்க. பசார்க்கு, அதான் சந்தைக்கு, அவங்களக் கூட்டிட்டுப் போங்க, அவங்க மீன் பொறுக்குறப்ப பைய நீங்க புடிங்க, அப்பதான் வாயத் தொறந்து வீட்டு விஷயமெல்லாம் சொல்வாங்க. போன்ல கேட்டா நல்லா இருக்கோம்யாங்கிறதோட முடிச்சுடுவாங்க.

அப்பா மருந்து டப்பாவக் கண்டிப்பா தொறந்து பாருங்க. எங்க அப்பா பிரஷர் மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கிட்டு இருந்தத நான் அப்படித்தான் கண்டுபுடிச்சேன், பைல எழுதியிருந்த தேதிக்கு மாத்திரை எப்பவோ தீந்திருக்கணும், ஆனா பாதி அட்டை அப்படியே இருக்கு. தலை சுத்துதுன்னு அவரே கொறச்சுக்கிட்டாராம், டாக்டர்கிட்டயும் சொல்லல. அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் தீபாவளி அன்னிக்கு மூடியிருக்கும், அதனால கூட்டிட்டுப் போறதுன்னா வேல நாள்ல ஒரு நாள ஒதுக்கிக்கிட்டு வாங்க, அப்பாயின்மென்ட் கார்டப் போட்டோ புடிச்சு உங்க போன்ல வச்சுக்கோங்க.

காசு குடுக்குறதா இருந்தா வந்த மொத நாளே அம்மா கைல குடுத்துடுங்க, கெளம்புறப்ப குடுத்தா சாமான் எல்லாம் அவங்க கடன்ல வாங்கி முடிச்சிருப்பாங்க. கல்யாணம் ஆனவங்க இந்த வருஷம் யார் வீட்டுல படையல், யார் வீட்டுல தீபாவளின்னு முன்னாலயே ரெண்டு பக்கமும் பேசிடுங்க, வாசல்ல வந்து நின்னுக்கிட்டு நாளைக்கே கிள்ளானுக்குப் போறோம்னு சொன்னா அந்த மொகத்தப் பாக்க முடியாது.

கெளம்புற நாள்ல அம்மா மைலோ டின்ல முறுக்கும் நெய் உருண்டையும் போட்டு மூடி நியூஸ் பேப்பர்ல சுத்திக் கைல திணிப்பாங்க. கார்ல எடமில்லம்மா, கேஎல்லயே கெடைக்கும்மான்னு சொல்லிடாதீங்க, காலுக்கடியில வச்சாவது கொண்டு போங்க. டின்ன மட்டும் தூக்கிப் போட்டுடாம அடுத்த தடவ வர்றப்ப கழுவிக் கொண்டாந்து குடுங்க, எத்தன டின் கேஎல்ல நிக்குதுன்னு அவங்களுக்குக் கணக்கு தெரியும்.