ஈஸ்வரனிடம் விட்டுவிட்டேன் என்று சொல்வதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபம் ஒன்றில் சனிக்கிழமை காலையில் யோக வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் ஓய்ந்தவர்கள். முதுகு வளைவதும் மூச்சு வாங்குவதும் பழகப் பழகச் சரியாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு: ஏற்பு என்ற பெயரில் நாம் செய்யும் தவறுகள்.

வந்ததையும் வராததையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது

போன மாதம் நீரிழிவு நோயுள்ள ஓர் அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இனிப்புநீர் வந்தது வந்ததுதான் தம்பி. ஈஸ்வரன்கிட்ட விட்டுட்டேன். மாத்திரையும் நிறுத்திட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே பேச்சை என் அம்மாவிடம் பேசியவன் நான். அம்மாவின் கால் சுண்டுவிரல் ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு புண். வலியே இல்லை என்றார். நான் அப்போதுதான் பதஞ்சலியின் யோக சூத்திரத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தேன். "ஈஸ்வரப் பிரணிதானம்மா, எல்லாத்தையும் ஈஸ்வரன்கிட்ட ஒப்படைக்கிறது, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றேன். மூன்று வாரம் கழித்து விரலை எடுத்துவிட்டார்கள். இனிப்புநீரில் நரம்பு மரத்துப்போகும், அதனால்தான் வலி தெரியவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பதஞ்சலி சொல்லும் ஐந்து நியமங்களில், அதாவது தன்னொழுக்கங்களில், ஈஸ்வரப் பிரணிதானம் கடைசி. அதற்கு முன்னாலேயே, மூன்றாவதாகத் தபஸ் நிற்கிறது. உடம்பை வருத்திச் செய்யும் முயற்சி அது. நான் அதைத் தாண்டிக் குதித்துவிட்டேன். யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் (அத்தியாயத்தில்) 16-ஆம் சூத்திரம் நேராகவே சொல்கிறது: இன்னும் வராத துன்பம் தவிர்க்கத் தக்கது. இனிப்புநீர் வந்துவிட்டது, அதை ஏற்கத்தான் வேண்டும். புண் புரையோடுவது இன்னும் வரவில்லை. அதை எதற்கு ஏற்க வேண்டும்?

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. அந்தக் காலத்தில் முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, அதைத் தடுப்பது பாட்டாளிகளின் கையில் இல்லை. இங்கே பிறந்த, மலேசிய இந்தியர் காங்கிரஸின் அன்றைய தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டியே தோட்டங்களை வாங்கினார். வந்ததை ஏற்று, வராததைத் தடுக்கும் முயற்சி அது.

அழுகிறவரிடம் 'சந்தோஷ' நியமத்தை, இருப்பதில் நிறைவு கொள்வதை, போதிப்பது

வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

கோபத்தை விழுங்கிவிட்டு அமைதி என்பது

மழை பிடித்துப் பால்வெட்டு நின்றால் சம்பளம் குறையும், எரிச்சல் வரும். வரட்டும். வந்திருப்பதைப் பார்ப்பதுதான் ஏற்பு.

கஷ்டம் வந்த அன்றைக்கு வைராக்கியத்தைத் தேடுவது

முதல் பாதத்தின் 12-ஆம் சூத்திரம் அப்யாசத்தையும் (பயிற்சி) வைராக்கியத்தையும் (பற்றின்மை) சேர்த்தேதான் சொல்கிறது. நெடுநாள், இடைவிடாமல், சிரத்தையோடு செய்தால்தான் பயிற்சி வேர் பிடிக்கும் என்று 14-ஆவது சொல்கிறது.

அந்த அக்காவை அடுத்த திங்கட்கிழமையே கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். இப்போது சவாசனம் முடிந்து எழுந்ததும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பாயில் சாய்த்து வைத்து, உள்ளங்காலை விரல் விரலாகப் பார்க்கிறார்.