கன்றுக் கழிச்சலில் ரோட்டா வைரஸ்: எங்கே தடுமாறுகிறோம்

பத்து நாள் கன்று மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிந்தால் "ரோட்டாதான்" என்று சொல்லிவிடுவது மாட்டுப் பண்ணைகளில் சகஜம். வயதுக் கணக்கு சரிதான், ரோட்டா அதிகம் தாக்குவது முதல் மூன்று வாரத்தில். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியும் மாட்டுக் கொரோனா வைரஸும் அதே வயதில்தான் வருகின்றன, பல சமயம் கூட்டாகவே வருகின்றன. பிறந்த முதல் சில நாட்களில் கழிந்தால் கே99 வகை ஈ.கோலை பாக்டீரியாவையும் சந்தேகிக்க வேண்டும். பார்வையை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது.

சோதனைக்குச் சாணம் எடுப்பதில் இன்னும் பெரிய கோளாறு. எல்லா மருந்தையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, சாகக் கிடக்கும் ஒரே கன்றிடம் எடுத்து அனுப்புவார்கள். வைரஸ் ஏராளமாக வெளியேறுவது கழிச்சலின் தொடக்க நாட்களில், அப்புறம் குறைந்துவிடும். தாமதமான மாதிரியில் 'இல்லை' என்று வரும் முடிவை நம்பிப் பயனில்லை. புதிதாகக் கழியத் தொடங்கிய ஐந்தாறு கன்றுகளிடம், மருந்துக்கு முன்பே எடுங்கள். அதே வயதில் நன்றாக இருக்கும் கன்றுகளிடமும் எடுங்கள். நோய்க்குறி இல்லாத கன்றும் வைரஸைக் கழிக்கும் என்பதால், இந்த ஒப்பீடு இல்லாமல் 'இருக்கிறது' என்ற முடிவும் காரணத்தைச் சொல்லாது.

வைரஸ் எங்கிருந்து வந்தது? புதிதாக வாங்கிய மாட்டின் மேல் பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் அது ஏற்கெனவே கொட்டகையில் இருப்பதுதான். வளர்ந்த மாடுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் அதைச் சாணத்தில் விடும், சாணத்தில் அது மாதக்கணக்கில் தாங்கும். ஈற்றுப் பருவத்தின் கடைசியில் பிறக்கும் கன்றுகள் அதிகம் அடிபடுவது இதனால்தான். சாணத்தை வழிக்காமல் மேலே கிருமிநாசினி தெளிப்பது காசுக்குக் கேடு.

மரபு வகை பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள் வேறு ரகம். இந்த வைரஸின் மரபணுத் தொகுதி 11 தனித்தனி ஆர்என்ஏ துண்டுகள். வைரஸின் வெளிப்புறத்தில் உள்ள விபி7 புரதத்தை வைத்து ஜி வகை, விபி4 புரதத்தை வைத்து பி வகை என்று பிரிக்கிறார்கள். மாடுகளில் ஜி6, ஜி8, ஜி10 ஆகியவையும் பி1, பி5, பி11 ஆகியவையும் அதிகம். ஜி மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான். ஒரே கன்றில் இரண்டு வைரஸ் புகுந்தால் துண்டுகள் இடம் மாறிக் கலக்கும். கலப்புத் தொற்று உள்ள மாதிரியில் கிடைத்த ஒரு ஜி-யையும் ஒரு பி-யையும் சேர்த்து "புதிய வகை" என்று எழுதுவது அவசரம், அவை இரண்டும் வெவ்வேறு வைரஸுடையவையாக இருக்கலாம். துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டால் தெரியும் 4-2-3-2 பட்டை அமைப்பு, ரோட்டா வைரஸின் ஏ குழு என்று காட்டுமே தவிர, மரபு வகையைச் சொல்லாது. பிரைமர் (வைரஸ் மரபணுவில் ஒட்ட வேண்டிய சிறு டிஎன்ஏ துண்டு) பொருந்தாததால் வகை தெரியாமல் போன மாதிரிகளை ஒதுக்கிவிடுவது, என் பார்வையில், இருப்பதிலேயே மோசம். வித்தியாசமான வைரஸ் ஒளிந்திருக்கக்கூடிய இடமே அதுதான், மரபணு வரிசையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

'மாட்டு வைரஸ் மாட்டோடு' என்பதும் சரியில்லை. வேலூரில் பச்சிளம் குழந்தைகளிடம் கிடைத்த ஜி10-பி11 வைரஸில் மாட்டு வகைத் துண்டுகள் இருந்தன. குழந்தைகளுக்கான ரோட்டாவாக் தடுப்பு மருந்தில் உள்ள 116ஈ என்ற வைரஸிலும் விபி4 மரபணு மாட்டு வழி வந்ததே.

கடைசியாகத் தடுப்பூசி. சினையின் கடைசிக் கட்டத்தில் தாய்க்குப் போட்டுவிட்டு, சீம்பாலை முதல் நாள் மட்டும் ஊட்டிவிட்டுப் பால்பவுடருக்கு மாற்றினால் பலன் பாதியாகிவிடும். ரோட்டாவைத் தடுக்க, தடுப்பூசியால் தாயிடம் உருவாகிப் பாலில் வரும் எதிர்ப்புப் புரதம் கன்றின் குடலுக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆகவே இரண்டு வாரமாவது தாய்ப்பாலோ சீம்பால் கலந்த பாலோ தொடர வேண்டும். அப்படியும் கழிச்சல் குறையவில்லை என்றால், தடுப்பூசியைத் திட்டும் முன் கன்று பிறந்து எத்தனை மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனது என்று கேளுங்கள். அதிலும் குறை இல்லையென்றால்தான் தடுப்பூசியில் ஜி6 மட்டும் இருந்து, பண்ணையில் ஜி10 சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.