மாதவிடாய் நிற்காத வயதில் மார்பகப் புற்றுநோய்: ஹார்மோன் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயாப்சி அறிக்கையில் 'ஈஆர் பாசிட்டிவ்' (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் புற்றுநோய்) என்று வந்திருந்தால், அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்த பிறகும் ஹார்மோன் சிகிச்சை 5 முதல் 10 ஆண்டுகள் வரை தொடரும். இதில் நடக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் பயம் தருவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கீமோவின்போது பலருக்கு மாதவிடாய் நின்றுபோகும். சரி, மெனோபாஸ் வந்துவிட்டது என்று நினைத்து, லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரையை (உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைக் குறைப்பது) மட்டும் தொடங்கிவிடுவதுதான் அந்தத் தவறு. மாதவிடாய் வராததாலேயே சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பல மாதங்கள் கழித்தும் அது மறுபடி வேலை செய்யத் தொடங்கலாம். அப்படித் தொடங்கிவிட்டால் இந்த மாத்திரை தனியாக நின்று பாதுகாக்காது. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது என்று மூளைக்குத் தெரிந்ததும் அது சினைப்பையை இன்னும் தூண்டிவிடும். கருமுட்டை வளர்வதற்காகக் குழந்தைப்பேறு சிகிச்சையில் கொடுப்பதும் இதே லெட்ரோசோல்தான். அதனால் சினைப்பையை அடக்கும் ஊசி (கோசெரிலின், லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின்) கூடவே இருக்க வேண்டும். ஊசித் தேதி தள்ளிப்போகக் கூடாது. ரத்தத்தில் எஸ்ட்ராடியால் (முக்கியமான ஈஸ்ட்ரோஜன் வகை) அளவைத் துல்லியமான முறையில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நடுவில் திடீரென ரத்தப்போக்கு வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் ஊசி வேண்டும் என்று நினைப்பதும் சரியில்லை, யாருக்கும் வேண்டாம் என்பதும் சரியில்லை. மாதவிடாய் நிற்காத பெண்களிடம் நடந்த சாஃப்ட் (SOFT) என்ற ஆய்வில் 35 வயதுக்குக் குறைந்தவர்களில், டமாக்சிஃபென் (புற்றுநோய் செல்களில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதைத் தடுக்கும் மாத்திரை) மட்டும் எடுத்தவர்களில் சுமார் 68 சதவீதம் பேர் 5 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருந்தார்கள். எக்ஸிமெஸ்டேன் என்ற அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரையோடு சினைப்பை அடக்கமும் பெற்றவர்களில் அது சுமார் 83 சதவீதம். கீமோ தேவைப்படாத, ஆபத்து குறைந்த பெண்களோ டமாக்சிஃபெனிலேயே மிக நன்றாக இருந்தார்கள். அவர்களுக்கு ஊசியால் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம். உடம்புச் சூடு (ஹாட் ஃப்ளாஷ்), தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி, எலும்புத் தேய்மானம் ஆகியவை மட்டும் கூடும்.

பக்கவிளைவு தாங்காமல் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை, தயவுசெய்து சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், உடம்புச் சூட்டுக்கு வென்லஃபாக்சின் தரலாம். ஆனால் மன அழுத்தத்துக்கான பராக்ஸிடின், ஃபுளுவாக்ஸிடின் இரண்டும் டமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வேறு டாக்டரிடம் போனாலும் டமாக்சிஃபென் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மாதவிடாய் இல்லையே என்று கருத்தடையை விட்டுவிட வேண்டாம். டமாக்சிஃபென் கருவைப் பாதிக்கும். காண்டமோ காப்பர் டி-யோ போதும், ஹார்மோன் கலந்த கருத்தடை கூடாது. குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதை மறைக்காதீர்கள். 2023-இல் வெளியான 'பாசிட்டிவ்' (POSITIVE) என்ற பெயருள்ள ஆய்வில், 18 முதல் 30 மாதங்கள் ஹார்மோன் சிகிச்சை எடுத்து, கர்ப்பத்துக்காகத் தற்காலிகமாக நிறுத்திய பெண்களுக்குக் குறுகிய காலத்தில் நோய் திரும்பும் ஆபத்து கூடவில்லை. மருந்தை எப்போது நிறுத்துவது, கருத்தரிக்கும் முன் எத்தனை மாதம் இடைவெளி விடுவது, பிறகு எப்போது மறுபடி தொடங்குவது என்பதையெல்லாம் டாக்டரோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.