உயர் ஐஎஸ்ஓவில் இரண்டு கேமராக்களை ஒப்பிடும் முறை

2016இல் வந்த நிக்கான் டி5 கேமராவின் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் குறிக்கும் எண்), நீட்டிக்கப்பட்ட நிலையில் 32,80,000 வரை செல்லும். அடுத்த ஆண்டு வந்த டி850இல் அது 1,02,400உடன் நின்றுவிடும். எண்ணில் 32 மடங்கு வேறுபாடு இருந்தாலும், அந்த உச்சத்தில் எடுத்த படத்தை வாடிக்கையாளரிடம் கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள் என்பதால் அது விளம்பரத்துக்குத்தான் பயன்படும். இரண்டும் ஒரே லென்ஸை ஏற்பவை. ஒப்பீட்டு முறையை விளக்க வசதியான இணை.

படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸில் பெரும்பங்கு ஒளியின் இயல்பிலிருந்தே வருகிறது. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் அதில் ஏறத்தாழ 100 ஏற்ற இறக்கம் இருக்கும், அதாவது நூறில் ஒரு பங்கு. 100 மட்டுமே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10 இருக்கும், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 100இலிருந்து 6400க்குப் போகும்போது, ஒளியைப் பதியும் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி 64இல் ஒரு பங்காகிறது, பயனுள்ள ஒளிக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் எட்டில் ஒரு பங்காகிறது. கிடைத்த ஒளியைச் சென்சார் எவ்வளவு வீணாக்காமல் பிடிக்கிறது, மின்சுற்று தன் பங்குக்கு எவ்வளவு நாய்ஸைச் சேர்க்கிறது ஆகிய இரண்டும்தான் கேமராவுக்குக் கேமரா மாறுபவை.

ஆகவே ஒப்பீட்டில் சமமாக வைக்க வேண்டியது ஒளியை. ஐஎஸ்ஓ எண்ணை வரையறுக்கும் சர்வதேசத் தரவிதியான ஐஎஸ்ஓ 12232இன்படி, ஒரு எண்ணுக்குப் படம் எவ்வளவு வெளிச்சமாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் தயாரிப்பாளருக்குக் கணிசமான சுதந்திரம் உண்டு. ஒரு நிறுவனத்தின் 6400 இன்னொன்றின் 6400ஐவிட மங்கலாக இருக்கலாம். இரண்டு கேமராக்களிலும் மேனுவல் முறையில் ஒரே ஷட்டர் வேகத்தையும் ஒரே அபெர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு) வைத்து, அதே லென்ஸையே மாற்றி மாற்றிப் பொருத்தி, அசையாத முக்காலியிலிருந்து எடுங்கள். ஒரே எஃப் 2.8 எழுதியிருந்தாலும் இரண்டு லென்ஸ்கள் உள்ளே விடும் ஒளி ஒன்றாக இருப்பதில்லை. வெளிச்சத்தில் எஞ்சும் வேறுபாட்டைப் பின்னர், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் சரிசெய்துகொள்ளலாம்.

எந்த வெளிச்சத்தில் சோதிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் ஷட்டரை 1/4000க்கு ஏற்றி ஐஎஸ்ஓ 6400இல் எடுக்கும் படம், மஞ்சள் விளக்கு எரியும் அரங்கத்தில் அதே ஐஎஸ்ஓவில் எடுக்கும் படத்தைப் போல இருக்காது. மஞ்சள் ஒளியில் நீலம் மிகக் குறைவு. விளக்கின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் நீல அலைவரிசையைப் பெருக்கும்போது அதிலுள்ள நாய்ஸும் சேர்ந்து பெருகி, கறுப்புத் துணியில் நீலமும் ஊதாவுமாகத் திட்டுகள் தோன்றும். நீங்கள் வேலை செய்யப்போகும் விளக்கின் கீழேயே சோதியுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி விளக்குகள் பலவும் வினாடிக்கு 100 முறை மினுக்கும்; ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் அந்த மினுக்கலால் வரும் பட்டைகளைச் சென்சாரின் குறையென்று தவறாகக் கொள்ள நேராது.

காட்சியில் ஒரு மனித முகம், கறுப்புக் கம்பளி, ஜரிகைத் துணி, சிறு எழுத்துகள் உள்ள அச்சுத்தாள் ஆகியவை இருந்தால் போதும். ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் நிறுத்தி, நிழலைத் தானாக வெளிச்சமாக்கும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, ராவில் எடுங்கள். ஐஎஸ்ஓ 1600இலிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாக (ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக) ஏறினால் போதுமானது. கணினியில் இரண்டு கோப்புகளையும் ஒரே மென்பொருளில் திறந்து, நாய்ஸ் குறைப்பையும் கூர்மையையும் பூஜ்யமாக்குங்கள். லைட்ரூம் மென்பொருள் வண்ண நாய்ஸ் குறைப்பை இயல்பாகவே 25இல் வைத்திருக்கும். லென்ஸ் திருத்தத்தையும் அணைக்க வேண்டும். அது மூலைகளை வெளிச்சமாக்கும்போது அங்குள்ள நாய்ஸையும் தூக்கிக் காட்டும்.

அடுத்தது அளவு. டி850இன் படம் 8256க்கு 5504 பிக்சல், டி5இன் படம் 5568க்கு 3712. இரண்டையும் 100 சதவீதத்தில் பக்கம் பக்கமாக வைத்தால் டி850 தோற்றுத்தான் போகும், ஏனெனில் அதை நாம் அதிக உருப்பெருக்கத்தில் பார்க்கிறோம். அதன் படத்தை 5568 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், 2.2 பிக்சல்கள் ஒன்றாகச் சேர்ந்து நாய்ஸ் சுமார் ஒன்றரை மடங்கு குறையும். அதன்பிறகு வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடும்; மிக உயர்ந்த ஐஎஸ்ஓக்களில் டி5 முந்தும், ஐஎஸ்ஓ 100இல் எடுத்து நிழலை வெளிச்சமாக்கிப் பார்த்தாலோ டி850 தெளிவாக முன்னே நிற்கும்.

சமப்படுத்திய படங்களில் முதலில் நிழல் பகுதியைப் பாருங்கள். சீராகப் பரவிய மணல்போன்ற நாய்ஸைப் பார்வையாளர் எளிதில் மன்னிப்பார். கிடைமட்டக் கோடுகளையும் நிறத் திட்டுகளையும் மன்னிக்க மாட்டார். கறுப்புக் கம்பளி எந்த ஐஎஸ்ஓவில் ஊதாச் சாயல் பெறுகிறது, ஜரிகையின் இழைகள் எங்கே கரைகின்றன, சருமத்தின் நிறம் எங்கே வெளிறுகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோப்பு எந்தக் கேமராவினுடையது என்று தெரியாதபடி பெயரை மாற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது; கையிலிருக்கும் கேமராவின் மீதுள்ள பாசம் கண்ணை மறைக்கும்.

சிறிய அளவான ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு, டி5, டி850 ஆகியவற்றிலுள்ள முழு ஃபிரேம் சென்சாரின் பரப்பில் பாதிக்கும் குறைவு என்பதால், அதே அபெர்ச்சரில் ஒரு ஸ்டாப்புக்கு மேல் பின்தங்குவது இயற்கை. கேமராவே பதப்படுத்தித் தரும் ஜேபெக் படத்தைக் களத்திலிருந்தே அனுப்பும் செய்திப் புகைப்படக்காரருக்கு மட்டும் ரா சோதனை போதாது. அவர் இரண்டு கேமராக்களின் உயர் ஐஎஸ்ஓ நாய்ஸ் குறைப்பை ஒவ்வொரு நிலையிலும் வைத்து, முகத்தின் சருமம் மெழுகாகும் இடத்தைத் தனியாகக் கண்டறிய வேண்டும்.