ரசித்த வீட்டைக் கட்டும்போது நாம் தவறவிடுவது

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு வெளியே ஐந்து சென்ட் இடத்தில் வீடு கட்டத் திட்டமிட்ட காலத்தில், ஒரு டிசம்பர் மாதம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் போயிருந்தோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடு ஒன்றின் முற்றத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் குடும்பமே மயங்கிவிட்டது. நம் வீட்டிலும் முற்றம் வேண்டும் என்று முடிவானது. இருந்த இடத்தில் ஐந்துக்கு ஐந்து அடிதான் கிடைத்தது. மழைக்கும் திருடனுக்கும் பூனைக்கும் பயந்து, மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு இறுக்கமாக மூடினோம். அடுத்த மே மாதத்தில் அந்தச் சதுரத்துக்குக் கீழே யாராலும் நிற்க முடியவில்லை. அத்தை மட்டும் சந்தோஷப்பட்டார். காக்காய் தொல்லை இல்லாமல் வடகம் காயப்போட வீட்டுக்குள்ளேயே இடம் கிடைத்ததே!

அழகான வீடுகளைப் பார்த்துவிட்டு வந்து கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் செய்யும் தவறு இதேதான். கண்ணுக்குப் பட்டதை எடுத்துக்கொண்டு வருவோம். அது அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேட்க மறந்துவிடுவோம்.

முற்றம் என்ன வேலை பார்க்கிறது? இரவில் அதன் தரையும் சுற்றுச் சுவர்களும் பகலில் வாங்கிய சூட்டைத் திறந்த வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கீழே இறங்கித் தங்கும். பகலில் முற்றத்துக் காற்று சூடேறி மேலே போகும்போது, அந்த இடத்தை நிரப்ப நிழலில் கிடக்கும் திண்ணைப் பக்கத்துக் காற்று உள்ளே வரும். இது நடக்க இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, மேலே திறந்திருக்க வேண்டும். இரண்டு, காற்று நடந்து வர வழி வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு வாசலில் நின்றால் வளவு என்கிற முற்றப் பகுதி, அதன் பின்னால் இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிக் கடைசிக் கதவு வரை ஒரே கோட்டில் தெரியும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் அவை. அந்த நேர்கோடு அழகுக்கு மட்டும் போட்டதில்லை. மேலே ஷீட் போட்டு, கீழே டிவி ஹாலின் சுவரால் அடைத்துவிட்டால் மிஞ்சுவது வெயில் பெட்டிதான்.

நான் ஷீட்டைக் கழற்றிவிட்டுக் கம்பி கிரில் போட்டேன். செலவு இரண்டு தடவை. மழைக்காலத்தில் தரை நனையும், துடைத்துக்கொள்கிறோம். மூடியே ஆக வேண்டும் என்பவர்கள், கூரையை முற்றத்தின் விளிம்பைவிட இரண்டடி உயர்த்தி, நாலு பக்கமும் காற்று வெளியேற விட்டு மூடலாம். ஷீட்டுக்குப் பதில் ஓடு போட்டு, நடுவில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு வைத்தால் வெளிச்சத்துக்கு அது போதும்.

மழைக் கணக்கையும் யாரும் போடுவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி முற்றம், அதைச் சுற்றி உள்பக்கமாகச் சரியும் கூரை, எல்லாம் சேர்த்து 600 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால், அந்த முற்றத்தில் வந்து விழும் தண்ணீர் ஏறக்குறைய 2,800 லிட்டர். இதை ஒரே ஒரு மூன்று இஞ்சுக் குழாயை நம்பி விட்டு, அதன் வாயில் நாலு வேப்பிலை அடைத்துக்கொண்டால் பூஜை அறை வரை தண்ணீர் போகும். முற்றத்துத் தரை மற்ற தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்கட்டும். வெளியேறும் வழி இரண்டு இருக்கட்டும். ஒன்று அடைத்தால் இன்னொன்று. நகரத்தார் அந்தத் தண்ணீரை அண்டாவிலும் குண்டாவிலும் பிடித்து வைத்த ஊர்க்காரர்கள். நாம் சாக்கடைக்கு அனுப்பவாவது ஒழுங்காக வழி செய்யலாம்.

வெயில் எந்தப் பக்கம் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. வெளிநாட்டுப் படங்களில் தெற்கு பார்த்த பெரிய கண்ணாடிச் சுவர் இருக்கும். குளிர் நாட்டில் வெயிலை உள்ளே அழைக்க அது தேவை. அதற்கு நேர்மாறாக, வடக்கில் வெயிலே வராது என்று நம்பி அந்தப் பக்கம் சன்ஷேட் போடாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலேயும் இல்லை, தெற்கேயும் இல்லை, வடக்கே சாய்ந்திருக்கும். சென்னையில் இது ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். ஆனாலும் சுவரை உண்மையில் வேகவைப்பது கிழக்கும் மேற்கும்தான், அதிலும் மேற்கு. சாய்வாக வரும் மாலை வெயிலை எந்த சன்ஷேடும் தடுக்காது. மேற்கில் படுக்கையறையை வைத்துவிட்டு ஏசி மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. மாடிப்படி, குளியலறை, பீரோ வைக்கும் சுவர், இவற்றை மேற்கே தள்ளுங்கள்.

பேக்கர் வீடு என்று கேட்டு வாங்கும் வம்பு

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 1945-இல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ள இந்தியாவுக்கு வந்தவர். பின்னாளில் திருவனந்தபுரத்திலேயே தங்கி, 2007-இல் அங்கேயே மறைந்தார். தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், நத்தைக் கூடு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியதுதான். அங்கே ஒரு காபி குடித்துவிட்டு வந்த கையோடு, ‘நமக்கும் செங்கல் தெரியுற மாதிரி ஒரு வீடு’ என்று மேஸ்திரியிடம் சொல்பவர்கள் ஏராளம்.

அவருடைய வேலையில் பூசாத செங்கல் தெரிவது கடைசியில் வருகிற விளைவு. முதலில் வருவது சிக்கனம். செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரு வரிசைக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘ராட் ட்ராப்’ முறையில் ஒன்பது இஞ்சுச் சுவருக்குச் சுமார் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். நடுவில் இருக்கும் காற்று, சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். இதைக் கட்டிவிட்டு ‘பார்க்க நல்லா இல்லை’ என்று இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசுவது ஒரு தவறு. மிச்சம் பிடித்த காசு பூச்சில் போய்விடும். அதைவிடப் பெரிய தவறு, சுவர் எழும்பிய பிறகு எலக்ட்ரீஷியனை அழைப்பது. அவர் வந்ததும் கட்டிங் மெஷினை வைத்துச் சுவரைக் கீறுவார். உள்ளே கூடாக இருக்கும் சுவர் அது. செங்கல் முகம் பெயர்ந்து வரும். ஒயர் எந்த வழியாகப் போகிறது, சுவிட்ச் பெட்டி எங்கே வருகிறது என்பதெல்லாம் முதல் வரி வைக்கும் முன்பே பேப்பரில் இருக்க வேண்டும். கோணல் மாணலான நாட்டுச் செங்கல்லை வைத்துக்கொண்டு இந்தக் கட்டுக்கு ஆசைப்படவும் கூடாது. அளவு ஒன்றுபோல் இல்லாவிட்டால் கொத்தனாருக்கும் உங்களுக்கும் தினமும் சண்டைதான்.

ஃபில்லர் ஸ்லாப் கதையும் இதே. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைக் கம்பி தாங்கும். கூரைத் தளத்தின் அடிப்பகுதியில் இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை. அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்து நிரப்பினால் கான்கிரீட்டும் குறையும், எடையும் குறையும். ‘யூடியூபில் பார்த்தேன்’ என்று சொல்லி, வழக்கமான கம்பிக் கட்டுக்கு நடுவே ஓட்டைச் செருகுவது ஆபத்து. கம்பி இடைவெளியைப் பொறியாளர் அதற்கென்று கணக்கிட வேண்டும். ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும். காய்ந்த ஓடு கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஃபேன் கொக்கி ஓட்டில் வராமல், கம்பி ஓடும் வரியில் வருகிறதா என்று செண்டிரிங் மேலே ஏறி நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

வட்ட அறை மோகத்துக்கும் ஒரு வார்த்தை. 400 சதுர அடிக்கு, பத்துக்கு நாற்பது என்று நீளமாகக் கட்டினால் சுவர் 100 அடி ஓடும். சதுரம் என்றால் 80. வட்டம் என்றால் 71 அடியிலேயே முடிந்துவிடும். பேக்கர் வளைத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. ஆனால் நம் வீட்டுப் பீரோ சதுரம், கட்டில் சதுரம். வளைந்த சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முக்கோணம் மிஞ்சி, அதில் பழைய செய்தித்தாள் சேரும். காபி ஹவுஸில் மேசையையும் இருக்கையையும் சுவரோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள் என்பதைக் கவனித்திருந்தால் இது புரிந்திருக்கும்.

தூணும் தரையும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகள் உண்டு. அங்கே சாய்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு தேக்குத் தூணும் ஏதோ ஒரு வீட்டை இடித்ததில் வந்தது. வாங்குவதா வேண்டாமா என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்; எனக்கு மனம் ஒப்பவில்லை. வாங்குவதானால், தூணின் அடியை நேராக சிமெண்ட் தரையில் புதைக்காதீர்கள். பழைய வீட்டில் அது கல் பீடத்தின் மேல் நிற்கும். தரையின் ஈரமும் கரையானும் மரத்தைத் தொடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அந்தக் கல். பழைய கதவு நிலை வாங்குவதற்கு முன் அகலத்தை அளந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் நுழையாத தலைவாசல் இரண்டைப் பார்த்திருக்கிறேன்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்வது. கண்ணாடி பட்ட முகத்தில்தான் அந்த வழவழப்பு. பாத்ரூம் கழுவும் ஆசிடை இதன் மேல் ஊற்றினால் சிமெண்ட் அரித்து, நிறம் செத்துவிடும். பெயின்ட் வேலை முடிவதற்கு முன் பதிக்கவும் கூடாது. சொட்டு விழுந்தால் போகாது. தினமும் ஈரத்துணி, எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். பளபளப்பு வருஷக்கணக்கில் நடந்து நடந்து வருவது. கிரகப்பிரவேசத்தன்றே அது வேண்டும் என்று அடம்பிடித்து வார்னிஷ் அடித்த வீட்டில், இப்போது தரை உரிந்து கிடக்கிறது.

சுண்ணாம்புப் பூச்சும் அப்படியே. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகுவது சுண்ணாம்பு. அதன் மேல் எனாமலோ பிளாஸ்டிக் பெயின்டோ அடித்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல், பொக்கை விட்டு விழும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள்.

பெந்தோட்டையை மதுரைக்குக் கொண்டு வருவது

இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே ஒரு தோட்டத்தை வாங்கி, லுனுகங்கா என்று பெயரிட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதையே வெட்டியும் திருத்தியும் கொண்டிருந்தார். கொழும்பில் அவருடைய வீடு, வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து உருவானது. அங்கே உள்ளும் வெளியும் எங்கே பிரிகிறது என்றே தெரியாது. பார்த்தவர்கள் ‘சுவரே இல்லாத ஹால்’ கேட்பார்கள். இலங்கையின் தென்மேற்குக் கரை மழையில் நனைகிற ஊர். பாசி தானாகப் படரும், புழுதி அடங்கிக் கிடக்கும். மதுரையில் ஆடிக் காற்று அடிக்கும்போது சுவரில்லாத ஹாலில் சோபா எந்த நிறம் என்று தேட வேண்டும். அரை நூற்றாண்டுக் கைவேலையை ஆறு மாத கான்ட்ராக்டில் முடித்துத் தரச் சொல்வது வேறு.

இதையெல்லாம் படித்துவிட்டு, பழையதும் மண்ணும்தான் குளுமை, கான்கிரீட் என்றாலே சூடு என்று முடிவு கட்டுவதும் ஒரு தவறு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி, 1930-களின் இறுதியில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் கட்டத் தொடங்கிய கான்கிரீட் கட்டடம். நீளவாட்டுப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். ஜன்னலுக்குப் பதிலாகத் திறந்து மூடும் பலகை வரிசைகள். கூரைக்கு மேல் இன்னொரு கூரை, நடுவே காற்று. குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பது அதைப் பார்த்தால் விளங்கும். ஆனால் அது ஆசிரமவாசிகள் வசிக்கும் இடம். அனுமதி இல்லாமல் கேமராவோடு போய் நிற்காதீர்கள்.

பார்க்கப் போவது பற்றியும் அதே. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வராதீர்கள். செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் சொந்தக்காரர்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். திறந்திருப்பது சில, அவையும் ஒருவர் வீடு. எல்லோரும் குளிர்கால விடுமுறையில் போவார்கள். வீடு கட்டப் போகிறவர் சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்கோ, ஐப்பசி மழையிலோ போக வேண்டும்.

போன வருஷம் அப்படி ஒரு சித்திரையில் மறுபடி கானாடுகாத்தான் போனேன். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், இதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: “புறா எச்சந்தான் தம்பி. நீங்க கட்டுறதா இருந்தா வலையையும் சேத்து வாங்கிப் போட்டுருங்க.”