பனி நாட்டில் தொழிற்சாலை வீடு: சிங்கப்பூர்க் கண்ணால் பார்த்தால் நேரும் தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டாவுக்கோ கனடாவின் மனிட்டோபாவுக்கோ குடிபோகிறவர்களுக்குக் கைக்கு எட்டும் விலையில் தென்படுவது ‘மேனுஃபேக்சர்டு ஹோம்’. தொழிற்சாலையில் இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தால் கட்டி, லாரியில் இழுத்துவந்து இறக்கும் வீடு. இங்கே சிங்கப்பூரில் பிபிவிசி முறையில், அதாவது தொழிற்சாலையில் செய்த அறைகளை அடுக்கி, எழும் அடுக்குமாடிகளைப் பார்த்தவர்கள் இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கான்கிரீட்டும் எஃகும். இது மரச்சுவர், தரைக்கு அடியில் காலி இடம். மைனஸ் 25 டிகிரியில் வீட்டைக் காப்பதும் கெடுப்பதும் அந்த அடிப்பக்கம்தான்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீடு பார்க்கப் போனால் எத்தனையாவது மாடி, வெயில் எந்தப் பக்கம், கேபினட் எப்படி என்று பார்ப்போம். அங்கே கேபினட்டைத் திறப்பது வேறொன்றுக்காக. சமையலறை அலமாரியின் உட்புறத்திலோ மின்பெட்டிக்குப் பக்கத்திலோ ‘டேட்டா பிளேட்’ என்ற தாள் ஒட்டியிருக்கும். 1976 ஜூன் 15 முதல் அமெரிக்காவில் நடப்பிலுள்ள ‘ஹட்’ (மத்திய வீடமைப்புத் துறை) விதிப்படி கட்டிய வீட்டில் அது இருக்க வேண்டும். வெளிச்சுவரில் ஒரு சிவப்புத் தகடும் இருக்க வேண்டும்; இரண்டு பாதிகளாக வந்து சேரும் ‘இரட்டை அகல’ வீடானால் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்று. கனடாவில் சிஎஸ்ஏ என்ற தர அமைப்பின் இசட் 240 அல்லது ஏ 277 முத்திரையைத் தேடுங்கள்.

அந்தத் தாளில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, கூரை தாங்கும் பனிப்பாரம்: சதுர அடிக்கு 20, 30 அல்லது 40 பவுண்டு. நாற்பது என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 195 கிலோ. மற்றொன்று, வெப்ப மண்டலம். மண்டலம் 3 தான் குளிருக்கானது. வெப்பக்கசிவுக்கான உச்ச வரம்பு (யு-மதிப்பு; எண் குறைந்தால் கசிவும் குறைவு) மண்டலம் 1-இல் 0.116, மண்டலம் 3-இல் 0.079. தெற்கு மாநிலத்துக்குக் கட்டிய பழைய வீட்டை மலிவு என்று வடக்கே கொண்டுவந்தால், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெப்பம் வெளியேற விட்டுவிட்டு அதற்கும் பணம் கட்டுவீர்கள். சுவரை 2×4 அங்குல மரச்சட்டத்தில் கட்டினால் ஆர்-11, ஆர்-13 அளவுக்குத்தான் வெப்பம் காக்கும் பஞ்சு பிடிக்கும் (ஆர் எண் கூடினால் வெப்பத் தடுப்பும் கூடும்). 2×6 கேளுங்கள், ஆர்-19, ஆர்-21 கிடைக்கும். ஜன்னல் இரட்டைக் கண்ணாடி, வினைல் சட்டம். அலுமினியச் சட்டம் வேண்டவே வேண்டாம்.

இனி அடிப்பக்கம். டார்ச் லைட்டோடு ஸ்கர்ட்டிங்கில், அதாவது வீட்டின் அடியைச் சுற்றி மறைக்கும் தடுப்பில், உள்ள கதவு வழியாகத் தலையை நுழைத்துப் பாருங்கள். தரைக்குக் கீழே இழுத்துக் கட்டிய கறுப்பு விரிப்பு தெரியும். தண்ணீர்க் குழாய்கள் அதற்கு மேலேதான் ஓடுகின்றன. விரிப்பு எங்கேயாவது தொங்கினால் குழாய் கசிந்து பஞ்சு ஊறியிருக்கலாம். கிழிந்திருந்தால் காற்றும் எலியும் புகும், பஞ்சு கொட்டிவிடும், முதல் கடுங்குளிரிலேயே குழாய் உறைந்து வெடிக்கும். இரட்டை அகல வீட்டில் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் தடித்த வளைகுழாய் மண்ணில் கிடக்கக் கூடாது, பட்டை போட்டுத் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். மண்ணின் மேல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிலத்திலிருந்து மேலேறும் தண்ணீர்க் குழாய்தான் முதலில் உறையும். அதைச் சுற்றும் ஹீட் டேப், அதாவது மின்சாரத்தில் சூடாகும் பட்டை, இவ்வகை வீடுகளுக்கென அங்கீகரிக்கப்பட்டதாக இருக்கட்டும். சுற்றின் மேல் சுற்று படிந்தால் சூடேறித் தீப்பிடிக்கும். இதில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

வீட்டைத் தாங்கும் தூண்களின் அடித்தளம் உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். மினசோட்டாவில் அந்த ஆழம் தெற்கில் 42 அங்குலம், வடக்கில் 60. மேலோட்டமாக வைத்தால் உறைந்த மண் தூணைத் தூக்கும். ஜூலையில் சுளுவாக மூடுகிற கதவு ஜனவரியில் சிக்கும். கோடையில் பார்க்கப் போகிறவர்கள் கதவு நிலையின் மூலை வெடிப்புகளைக் கவனியுங்கள்.

நம் வாழ்க்கைமுறை அதிகம் இடறுவது ஈரத்தில். இங்கே இரவெல்லாம் ஏர்கான் ஓடிய அறையின் ஜன்னலில் காலையில் வெளிப்பக்கம் நீர் பூத்திருக்கும். அங்கே உள்பக்கம் பூக்கும். ஈரம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகிறது. அதனால்தான் ஈரத்தடுப்பு சுவரின் உள்பக்கம், ஜிப்சம் பலகைக்குப் பின்னால் இருக்க வேண்டும். இட்லிப் பானையும் குக்கரும் கிளப்பும் ஆவி ஜன்னல் திறக்காத வீட்டில் சுவருக்குள் புகுந்து பஞ்சை நனைக்கும். அடுப்புக்கு மேலுள்ள ஹுட் காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி உள்ளேயே விடுகிறதா? ஹுட்டை ஓடவிட்டு, வெளிச்சுவரில் மூடி திறக்கிறதா என்று போய்ப் பாருங்கள். துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள்.

வீடு முழுவதற்குமான காற்றுவிசிறியைக் ‘குளிர் வருகிறது’ என்று அடைத்துவிடுவது பெரும் பிழை. அது சதுர அடிக்கு நிமிடத்துக்கு 0.035 கன அடி, குறைந்தது 50 கன அடி காற்றை மாற்ற வேண்டும். எண்பது விழுக்காட்டு ஈரப்பதத்துக்குப் பழகிய உடம்புக்கு அங்கே உதடு வெடிக்கும்; ஈரமூட்டி வாங்கி 60-இல் வைக்கத் தோன்றும். மைனஸ் 25-இல் உள்ளே 30-க்குக் கீழ் வைக்காவிட்டால் ஜன்னலடியில் பூஞ்சணம் பிடிக்கும். உதட்டுக்கு வாசலின் போதும்.

புது இரட்டை அகல வீடு என்றால், அதை இறக்கும் நாளில் நேரில் நில்லுங்கள். இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பில், தரையிலும் சுவரிலும் கூரையிலும் கேஸ்கெட் (இடைவெளி அடைக்கும் மென்பட்டை) விடாமல் ஓடுகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். லாரிப் பயணத்தில் பிய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சேர்த்து முடித்துவிட்டால் அந்த இடத்தைப் பார்க்க வழியில்லை.